முழுப் பெயரும் அரைப் பெயரும்

களைப்பு மனிதர் யாவர்க்கும் பொதுவானது என்பர். அது உண்மையே. ஆயினும் களைப்பின் காரணம் யாவர்க்கும் பொதுவானதன்று. களைத்தவர்க்குக் கிடைக்கும் ஓய்வும் பொதுவானதன்று. ஆகவே களைத்த ஒருவரை நோக்கி ஆறுதல் மொழியொன்று கூறப்படும்போது, அம்மொழி யாது என்பதோடு அதனைக் கூறுபவர் யார், எவ்விடத்தில் நின்று கூறுகின்றார் என்பனவும் ஆராயத்தக்க அறவினாக்களாகின்றன. சுமையால் நைந்தவருக்கு ஆறுதல் சொல்வதோடு அறம் நிறைவுறுமா? அன்றிச் சுமையை இறக்கிவைப்பதிலேதான் அது தொடங்குகின்றதா? மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைப் பின்புலமாகக் கொண்டு, கிறிஸ்தவத் திருநூல் வாசகங்கள் சிலவற்றின் துணையுடன் இவ்வினாவை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

கத்தோலிக்க திருச்சபையில் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் உரிய திருநூற் பகுதிகள் வகுக்கப்பட்டுள்ளன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்து 1969இல் வெளியிடப்பட்ட வாசக ஒழுங்கின்படி, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதலிரு புதன்கிழமைகளும் தம்முள் நெருங்கிய தொடர்புடையன. முதற் புதனன்று, இறைவன் ஒரு மலையின்மேல் மக்களினங்கள் அனைத்துக்கும் விருந்தொன்று படைப்பான் என்ற எசாயாவின் காட்சியும், இயேசு மலைமீது ஏறியமர்ந்து நோயுற்றோரைக் குணமாக்கி நாலாயிரவர்க்கு உணவளித்த மத்தேயுவின் செய்தியும் வாசிக்கப்படுகின்றன. இரண்டாம் புதனன்று, களைப்பறியாத இறைவன் களைத்தோர்க்கு வலுவூட்டுகின்றான் என்ற எசாயாவின் பகுதியும், உழைத்துத் தளர்ந்தோரைத் தம்மிடம் வருமாறு இயேசு அழைக்கும் பகுதியும் இடம்பெறுகின்றன. முதல் வாரம் உணவு; மறுவாரம் ஓய்வு. இவ்வரிசை எண்ணிப்பார்க்கத்தக்கது.

ஹற்றனிலும் நுவரெலியாவிலும் உள்ள ஆலயங்களில் இவ்வாசகங்கள் ஒலிக்கும்போது வேறெங்கும் இல்லாத ஒரு பொருள் அவற்றுக்கு வந்துசேர்கின்றது. எங்கள் தோட்டத்து வழக்கில் மலை என்பது வெறும் இயற்கைக் காட்சியன்று. தேயிலை நிற்கும் ஒவ்வொரு நிலப்பகுதியும் ஒரு மலை. மலைக்குப் போதல் என்றால் வேலைக்குப் போதல். ஆகவே மலைமேல் விருந்து என்ற தீர்க்கதரிசனத்தைக் கேட்கும் தொழிலாளியின் உள்ளத்தில், தான் அன்று ஏறியிறங்கிய மலையே தோன்றும். அந்த மலையில் விருந்துண்பவர் யார், பரிமாறுபவர் யார் என்ற வினா அங்கே தானாக எழுகின்றது.

அவ்வினாவின் கூர்மையை உணர்வதற்குத் தொழிலாளியின் ஒரு நாளைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். விடியுமுன் எழுந்து, ரொட்டி சுட்டு, மூத்த பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தஞ்செய்து, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, பிரட்டுக்களத்துக்கு விரைகின்றாள் ஒரு பெண். அங்கு அன்றைய மலை அவளுக்குக் குறிக்கப்படுகின்றது. சரிவில் நிரை பிடித்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, கூடையையோ சாக்கையோ நிரப்புகின்றாள். மழையில் அட்டை, வெயிலிற் குளவி. நிறுவை நேரத்தில் ஈரத்துக்கும் கூடைக்குமெனக் கழிவு போக எஞ்சியதே அவள் கணக்கில் ஏறும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தே ஒரு கிலோ தேயிலைத் தூளாகின்றது. மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் விறகும் தண்ணீரும் அடுப்பும் அவளுக்காகக் காத்திருக்கின்றன. மலையில் முடிந்த வேலை காம்பராவில் மீண்டும் தொடங்குகின்றது.

இந்நாள் முழுமையும் ஒரு சொல்லில் அடங்கும். அச்சொல் 'பெயர்' என்பது. ஒருவர் செய்த நாள்வேலை செக்ரோலிற் பதியப்பட்டுச் சம்பளத்துக்கு உரியதாவதைப் பெயர் விழுதல் என்பர். இந்த மாதம் எத்தனை பேர் என்று கேட்டால், எத்தனை நாட்சம்பளம் என்பது பொருள். குறித்த நிறை கொழுந்து எடுக்க இயலாதவருக்கு அரைநாட் சம்பளமே பதியப்படும் வழக்கம் உண்டு. அது 'அரைப் பெயர்'. தமிழிற் 'கூலி' என்பது உழைப்புக்குக் கொடுக்கப்படும் ஊதியத்தைக் குறிக்கும் சொல். குடியேற்றவாதிகளின் வழக்கில் அச்சொல் ஊதியத்தை விட்டு மனிதனைக் குறிக்கலாயிற்று. ஊதியத்தின் பெயர் மனிதனுக்கு ஆயிற்று. மனிதனின் பெயர் ஊதியத்துக்கு ஆயிற்று. இவ்விரு சொற்களின் இடமாற்றத்திலே ஒன்றரை நூற்றாண்டு வரலாறு அடங்கிக்கிடக்கின்றது எனலாம்.

அவ்வரலாற்றின் மற்றொரு பக்கமும் பெயர் பற்றியதே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்காளர் இடாப்பிலிருந்தும் அவர்தம் பெயர்கள் நீங்க வழிசெய்யப்பட்டது. 1964இற் கையொப்பமிடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என வகுத்து, 150,000 பேரின் நிலையைப் பின்னர் தீர்ப்பதற்கென ஒதுக்கியது. 1974இல் அவ்வெச்சமும் இரு நாடுகளுக்குஞ் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. செக்ரோலில் நாடோறும் இருந்த பெயர், நாட்டின் இடாப்பில் ஐம்பதாண்டுகளுக்கு மேலாக இடந்தேடி நின்றது.

இனி, இரண்டாம் புதனின் எசாயா வாசகத்துக்குத் திரும்புவோம். பாபிலோனுக்குச் சிறைகொண்டு செல்லப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்துக்கு உரைக்கப்பட்ட பகுதி அது. தங்கள் வழக்கு இறைவனின் கண்ணிற் படவில்லை என்று அம்மக்கள் நொந்துகொள்கின்றனர். அவர்களுக்கு விடையாகத் தீர்க்கதரிசி வானத்து விண்மீன்களைக் காட்டுகின்றார். அவற்றை அணியணியாக வெளிக்கொணர்ந்து ஒவ்வொன்றையும் பெயர்சொல்லி அழைப்பவன் இறைவன். அவற்றில் ஒன்றேனும் விடுபடுவதில்லை என்கின்றார். தோட்டத்தில் வளர்ந்த ஒருவர்க்கு இது ஒரு பிரட்டுக்களமாகவே தோன்றும். ஆனால் இப்பிரட்டிலே எவருக்கும் அரைப் பெயர் இல்லை. ஒளி மிகுந்த விண்மீனுக்கு முழுப்பெயரும் மங்கிய விண்மீனுக்கு அரைப்பெயருமாக அங்கே பதியப்படுவதில்லை. இதனையடுத்தே, இளைஞரும் சோர்வர், வாலிபரும் தள்ளாடுவர் என்று தீர்க்கதரிசி கூறுகின்றார். களைப்பு குற்றமன்று, படைக்கப்பட்ட உடலின் இயல்பு. களைத்தமையினால் ஒருவரின் பெயர் பாதியாகிவிடுவதில்லை. அவ்வாசகத்தின் அடிநாதமான உண்மை இதுவென்றே நான் கருதுகின்றேன்.

இவ்வுண்மையை ஏற்றால், உணவு பற்றியும் ஓய்வு பற்றியும் நாம் வழக்கமாகக் கொள்ளும் எண்ணங்கள் சில மாறியாக வேண்டும். உழைப்பின் பரிசே உணவு. மிகுந்த உழைப்பின் பரிசே ஓய்வு என நாம் நினைக்கின்றோம். திருநூலின் வரிசையோ வேறு. முதற் புதனின் நற்செய்தியிலே, மூன்று நாளாகத் தம்முடன் இருந்த மக்களைப் பசியோடு அனுப்பிவிட்டால் வழியில் அவர்கள் சோர்ந்து விழுவர் என்று இயேசு கவலைப்படுகின்றார். அவர்களின் தகுதியை அவர் வினவவில்லை; வீட்டுக்குச் செல்லும் வழியின் தூரத்தையே எண்ணுகின்றார்.

அரசர் நூலில் வரும் எலியாவின் வரலாறும் இத்தகையது. உயிருக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடிய அவர், ஒரு செடியின் கீழ் விழுந்து, போதும் என்று சாவை வேண்டி உறங்கிப்போகின்றார். வானதூதர் அவரைத் தட்டியெழுப்புவது அறிவுரை கூறுவதற்கன்று. சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுப்பதற்கே. உண்டபின் அவர் மீண்டும் உறங்குகின்றார். தூதர் அதனையும் தடுக்கவில்லை. இரண்டாம் முறையும் உணவு கிடைத்த பின்னரே நெடும் பயணம் தொடங்குகின்றது. இறைவனின் குரல் கேட்பதும், புதிய பணி ஒப்படைக்கப்படுவதும் அதன் பின்னரே நிகழ்கின்றன. எனது தாயார் இருபத்தாறு ஆண்டுகள் கொழுந்தெடுத்தவர். மாலைச் செபத்தின்போது வாசகம் தொடங்கிய சிறிது நேரத்திலே சுவரிற் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவார். நாங்கள் எழுப்ப முற்பட்டால், "தூங்கட்டும் விடப்பா, சாமிக்கா தெரியாது?" என்பார் அப்பாயி. எழுத்தறியாத அம்மூதாட்டி எலியாவின் கதையை எந்த விரிவுரையாளருக்கும் குறையாமல் விளங்கிக்கொண்டிருந்தார் என்றே இன்று எண்ணுகின்றேன்.

பாலைநிலத்தில் மன்னா பொழிந்த நிகழ்ச்சி இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. விடுதலைப் பயண நூலின்படி, மக்கள் தலைக்கு ஓர் ஓமர் என அளந்தே மன்னாவைச் சேர்த்தனர். மிகுதியாகச் சேர்த்தவர்க்கு எஞ்சவில்லை. குறைவாகச் சேர்த்தவர்க்குப் போதாமற் போகவுமில்லை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. மன்னாவும் அளக்கப்பட்டது. அளவையே கூடாதென்று திருநூல் சொல்லவில்லை. எதனை அளவுகோலாகக் கொள்வது என்பதிலேதான் வேறுபாடு. நிறுவைத் தராசு கையின் வேகத்தை அளக்கின்றது. ஓமர் வீட்டின் வாய்களை அளந்தது. மேலும் ஆறாம் நாள் இரட்டிப்பாகக் கிடைத்தது, ஏழாம் நாள் எவரும் வெளியே செல்லாதிருப்பதற்காகவே. ஓய்வுக்கான உணவும் உணவின் பங்காகவே கொடுக்கப்பட்டது. ஓய்வுநாட் கட்டளையை எடுத்துரைக்கும் இணைச்சட்ட நூல், உன்னைப் போலவே உன் பணியாளரும் இளைப்பாற வேண்டும் என்றும், நீயும் முன்பு எகிப்திலே அடிமையாக இருந்தாய் என்றும் அதற்குக் காரணங் காட்டுகின்றது. தோட்டங்களில் ஞாயிறு விடுமுறை நாள்தான். ஆயினும் வாரநாட்களின் சம்பளம் போதாதபோது அந்நாளும் கைக்காசு வேலையிலும் விறகு தேடலிலுமே கழிந்துவிடுகின்றது. ஆறு நாட்களின் ஊதியத்தில் ஏழாம் நாளின் உணவு அடங்காதவிடத்து, ஓய்வுநாள் நாட்காட்டியில் மட்டுமே இருக்கும்.

இத்தகைய சிந்தனை கிறிஸ்தவர்க்கு மாத்திரம் உரியதன்று. தோட்ட மக்களிற் பெரும்பாலோர் சைவ மரபினர். தமிழ்ப் பண்பாடு அமுதசுரபி ஏந்திய மணிமேகலையைப் போற்றிய பண்பாடு. 1867ஆம் ஆண்டிலே இராமலிங்க வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்து வந்தவர் எவராயினும் கணக்குப் பாராமல் உணவளிக்கும் அடுப்பு அங்கு ஏற்றப்பட்டது. அதே 1867ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலையைப் பயிரிட்டார். தமிழகத்தில் வறுமையிலும் பஞ்சத்திலும் உழன்றோர் பலர் கடல்கடந்து வந்து, முதலிற் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் உழைத்தனர். ஓரிடத்திலே பசியே உணவுக்குப் போதிய உரிமையாயிற்று. மற்றோரிடத்திலே பசி உழைப்பைப் பெறுதற்கு ஏற்ற கருவியாயிற்று. ஒரே ஆண்டில் தொடங்கிய இவ்விரு ஏற்பாடுகளும் மனிதனின் பசியை எவ்வாறு நோக்குவது என்ற வினாவுக்கு அளிக்கப்பட்ட இரு விடைகள் எனலாம்.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதத்துக்கு முகங்கொடுத்தல் வேண்டும். களைத்தோர்க்கு இளைப்பாறுதல் தருவதாகக் கூறும் சமயம், துன்பத்தின் காரணத்தை மறைத்து வலியை மட்டும் மரத்துப்போகச் செய்கின்றது என்பது மார்க்ஸ் முதலானோரின் குற்றச்சாட்டு. மலைநாட்டு வரலாறு இக்குற்றச்சாட்டுக்கு இடமளிக்கவில்லை என்று கூறுதல் இயலாது. 1854இல் தோட்டங்களிலே தமிழ்க் கூலி மிஷன் என்னும் பெயரோடு அங்கிலிக்கன் நற்செய்திப் பணி தொடங்கியபோது, தோட்டத்துரைமார் அதற்குப் பொருளுதவி செய்தனர். அப்பணியினால் எழுத்தறிவு பரவியது, பள்ளிகள் எழுந்தன, அவற்றை மறத்தல் நன்றியன்று. ஆயினும் சுமையை ஏற்றியவரின் செலவிலே சுமந்தவருக்கு ஆறுதல் கூறப்படும்போது, அவ்வாறுதல் எதுவரை பேசலாம் என்ற எல்லையும் உடன்வரும். டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி நிற்கும் 1878ஆம் ஆண்டுக்குரிய வார்லி ஆலயத்தின் கல்லறைகளிலே துரைமாரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. காடழித்துத் தோட்டமாக்கிய தொழிலாளரிற் பெரும்பாலோர்க்கு அத்தகைய கல்லெழுத்து வாய்த்ததில்லை.

எனினும் இரண்டாம் புதனின் நற்செய்தியை உற்றுநோக்கினால், அது வெறும் ஆறுதல் அன்று என்பது புலனாகும். இயேசு களைத்தோரை அழைத்து இளைப்பாறுதல் தருவதாகக் கூறியவுடனே நுகத்தைப் பற்றிப் பேசுகின்றார். ஓய்வைப் பேசுமிடத்தில் உழைப்பின் கருவி ஏன் வருகின்றது? நுகம் பெரும்பாலும் இரண்டு மாடுகளுக்கு உரியது. தனியே இழுத்தவனோடு மற்றொரு கழுத்து வந்து சேர்வதாலேயே சுமை எளிதாகின்றது. தம் நுகத்தை ஏற்கச் சொல்பவர், தாமும் அதன் மறுபுறத்தில் நிற்கின்றார் என்றே இதனை நான் விளங்கிக்கொள்கின்றேன். அவ்வாறாயின், அவர் பெயரால் இவ்வாசகத்தை எடுத்துரைக்கும் எவரும் நுகத்தின் அருகே நின்றே உரைத்தல் வேண்டும். கரையில் நின்று கூறும் ஆறுதல் மார்க்ஸின் குற்றச்சாட்டுக்கு உட்பட்டது. கழுத்தைக் கொடுத்துக் கூறும் ஆறுதல் அதற்கு உட்படாதது.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்திலுள்ள திராட்சைத் தோட்டத்து உவமை, அரைப் பெயர் என்ற நம் வழக்கத்தோடு நேராக மோதுகின்றது. விடியலில் வந்தவர்க்கும், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவர்க்கும் உரிமையாளர் ஒரே ஒரு தெனாரியத்தைக் கொடுக்கின்றார். அந்நாணயம் ஒரு நாட்கூலி. ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உணவு. பிந்தி வந்தோர் சோம்பேறிகள் அல்லர். தங்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவர்தம் விடை. வறட்சியில் கொழுந்து குறைவதும், பராமரிப்பின்றி மலை காடேறுவதும், முதிர்ந்த செடி துளிர்க்காமையும் கொழுந்தெடுப்பவளின் குற்றங்கள் அல்ல. அவ்வாறிருந்தும் நிறை குறைந்தால் பெயர் பாதியாகின்றது. உவமையின் உரிமையாளரோ மணிக்கணக்கைப் பாதியாக்கினாலும் உணவைப் பாதியாக்கவில்லை. பாதிக் கொழுந்து எடுத்த நாளில் பிள்ளைகளின் வயிறு பாதியாகச் சுருங்குவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு மறுப்பும் உண்டு; அது எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. வேகமாக உழைத்தவருக்கும் மெதுவாக உழைத்தவருக்கும் ஒரே ஊதியம் அநீதியாகாதா? உவமையிலே விடியலில் வந்தவர்களும் இதனையே முறையிடுகின்றனர். உற்பத்திச் செலவிற் பெரும்பங்கு சம்பளமே என்றும், உலகச் சந்தையின் விலை தம் கையில் இல்லை என்றும் கம்பனிகள் கூறுவதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் மன்னாவின் பாடத்தை இங்கே நினைவுகொள்ளலாம். கூடுதல் கொழுந்துக்குக் கூடுதல் காசு என்பதை எவரும் மறுக்கவில்லை. அது நெடுங்காலமாக வழக்கத்திலும் உள்ளது. நாளின் அடிப்படை உணவை அவ்வளவுகோலுக்கு உட்படுத்தலாமா என்பதே வினா. சந்தை விலை வீழும்போது முதலிற் குறைய வேண்டியது தொழிலாளியின் உணவு என்பது இயற்கை விதியன்று. மனிதர் செய்துகொண்ட தெரிவு.

மறுபுறத்தில், உவமையை அதன் எல்லைக்கு அப்பாலும் இழுத்தல் கூடாது. உரிமையாளரின் தயாள குணத்தை நம்பித் தொழிலாளர் காத்திருக்க வேண்டுமென்று அதற்குப் பொருள்கொண்டால் அது தவறு. ஏழைக் கூலியாளின் ஊதியத்தைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிடுமாறு இணைச்சட்ட நூல் கட்டளையிடுகின்றது. கொடாவிடின் அவனது முறையீடு இறைவனை எட்டும் என எச்சரிக்கின்றது. அங்கே ஊதியம் தருமமன்று, கடன். தோட்டங்களிலும் நல்லவை பலவும் கேட்டும் போராடியுமே பெறப்பட்டன. ஒரே மலையில் நின்ற ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984ஆம் ஆண்டிலே வந்தது. அவ்வாண்டின் வேலைநிறுத்தம் அதற்கு முன்னோடி. 1000 ரூபா நாட்சம்பளத்துக்கான கோரிக்கை 2015 அளவில் எழுந்து, 2021 மார்ச்சிலே வர்த்தமானி மூலம் நிறைவேறியது. பின்னரும் தொகை உயர்ந்துள்ளது. ஆனால் 2021இல் சம்பளம் உயர்ந்ததைத் தொடர்ந்து, சில தோட்டங்களிலே எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவு 18 கிலோ, 20 கிலோ என உயர்த்தப்பட்டதும், எட்டாதவர்க்கு அரைப் பெயர் விழுந்ததும் பலரும் அறிந்தவை. ஓய்வு கேட்ட எபிரேயருக்கு வைக்கோல் கொடாமல், செங்கல் எண்ணிக்கையையும் குறைக்காமல், சோம்பேறிகள் என்று ஏசிய பார்வோனை இவ்விடத்தில் நினையாதிருத்தல் கடினம்.

இறுதியாகப் பணி அல்லது ஊழியம் என்பதைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவர் இறைபணியை ஊழியம் என்பர். ஒல்லாந்தர் காலத்தில் இத்தீவின் தமிழ்ப் பகுதிகளிலே ஊதியமின்றிக் கட்டாயமாகச் செய்விக்கப்பட்ட வேலைக்கும் ஊழியம் என்றே பெயர். ஒரே சொல் உயர்ந்த தன்னளிப்பையும் தாழ்ந்த அடிமைத்தனத்தையும் எவ்வாறு குறித்தது? வேலையின் தன்மையில் வேறுபாடு இல்லாமலிருக்கலாம். காலைக் கழுவுதல் அடிமையின் வேலையே. அதனையே இயேசு இறுதி இராவுணவின்போது தாமே எழுந்து செய்தார். மேலிருந்தவர் கீழிறங்கிச் செய்தபோது அது அன்பின் பணியாயிற்று. அடித்தட்டில் நிற்பவரிடமே மீண்டும் மீண்டும் வாங்கப்படும்போது அது பழைய ஊழியமாகவே நின்றுவிடுகின்றது. ஆகவே களைத்தவரை நோக்கி இன்னும் சேவை செய், இன்னும் பொறுத்துக்கொள் என்று போதிப்பதற்கு முன், அவருக்கு யார் சேவை செய்தார் என வினவுதல் வேண்டும்.

இவ்வினாவுக்குச் செயலால் விடையளிக்க முயன்றவர்களும் உளர். 1973-74 காலப்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது, சொந்த நிலமற்ற தோட்ட மக்களே மிகவும் பாதிக்கப்பட்டனர். பட்டினிச் சாவுகளும் நிகழ்ந்தன. அதற்குச் சற்று முன்னர், 1972இல், இயேசு சபைத் துறவியான போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியிலே சத்தியோதய நிலையத்தைத் தொடங்கியிருந்தார். சிங்களவரும் தமிழரும் இணைந்து உழைத்த அந்நிலையம், தோட்ட மக்களின் நிலையை ஆராய்ந்து வெளியுலகறியச் செய்வதையும் தன் பணியாகக் கொண்டது. நுகத்தின் மறுபுறத்திலே கழுத்தை வைத்தல் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. லயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்துள்ள எம்மனோர்க்கும் இதிலே ஒரு பாடம் உண்டு. எங்களில் ஒருவர் இங்கு வந்து நூலைத் திறப்பதற்காக மலையில் எத்தனை பெயர் விழுந்தது என்பதை நாம் அறிவோம். அக்கடனைத் தீர்க்கும் வழி, பெற்றோரின் பொறுமையை மேடைகளிற் புகழ்வதாக அமைந்துவிடலாகாது. அப்பொறுமை இனித் தேவைப்படாத நிலையை உருவாக்கும் கல்வியும் உழைப்பும் துணிவுமே அக்கடனுக்கு ஈடாகும்.

ஆயினும் முழுப்பெயர் என்னும் நீதியை மலைநாடு வெளியாரிடமிருந்தே கற்க வேண்டியதில்லை. நிறுவைக்குச் சற்று முன் மலைகளிலே நிகழும் ஒன்றைக் கண்டோர் அறிவர். காய்ச்சலோடு வந்தவளின் சாக்கோ, பிள்ளைப்பேற்றின் பின் அண்மையில் வேலைக்குத் திரும்பியவளின் கூடையோ இலேசாக இருப்பதை நிரையில் நிற்பவர்கள் கவனிக்கின்றார்கள். ஒருத்தி தன் கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளி அதிலே போடுகின்றாள். அடுத்தவள் இன்னொரு பிடி போடுகின்றாள். தராசு ஏறும்போது அவளுக்கு முழுப்பெயர் விழுகின்றது. கொடுத்தவர்களுக்குக் கிடைக்கக்கூடிய மேலதிகக் காசு அவ்வளவுக்குக் குறைகின்றது. அதைப்பற்றி எவரும் பேசுவதில்லை. ஒருவர் சுமையை ஒருவர் தாங்கவேண்டுமென்று கலாத்தியருக்குப் பவுல் எழுதிய அறிவுரையை அவர்களிற் பலர் கேட்டதும் இல்லை. களைத்தவர்கள் களைத்தவர்களுக்குச் செய்யும் இந்நீதியை, களைக்காதவர்கள் சட்டமாகவும் சம்பளமாகவும் செய்துகொடுப்பதற்கு இன்னும் எத்தனை திருவருகைக் காலங்கள் வேண்டும் என்பதே வாசகத்தைக் கேட்டு எழுந்து செல்லும் ஒவ்வொருவரும் தம்மைத்தாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவாகும்.